அரசுரிமைப் போரும் பழவேற்காட்டு நாணயச்சாலையும்: கும்பினிக் காசின் செல்லுபடி குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

விசயநகரப் பேரரசர் இரண்டாம் வெங்கடபதி தேவராயர் 1614-இல் மறைந்தபின் மூண்ட அரசுரிமைப் போர், தமிழக அரசியல் வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. அதே ஆண்டுகளில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒல்லாந்தர் தொடங்கிய நாணயச்சாலை, நாணயவியல் நூல்களில் தனியே பேசப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, அரசன் யார் என்பது முடிவாகாத காலத்தில் ஒரு காசு எதன் வலிமையால் செல்லுபடியானது என்னும் வினா எழுகிறது. காசின் புறத்தோற்றம், அக்காலக் கடற்கரை வணிகம், நாணயம் சார்ந்த தமிழ்ச்சொற்கள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, கெல்டிரியா கோட்டை, தோப்பூர்ப் போர், காசு, வராகன், துட்டு, வட்டம்.

முன்னுரை

‘நாணயம்’ என்னும் சொல் தமிழில் அடிக்கப்பட்ட காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். ‘நாணயமான மனிதர்’ என்று இன்றும் வழங்குகிறோம். காசுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள இவ்வுறவு, ஆட்சி உறுதியாக உள்ள காலத்தில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அரசனின் பெயரோ இலச்சினையோ காசின்மேல் நிற்கிறது. மக்கள் அதை வாங்குகின்றனர். அவ்வரசன் யார் என்பதே வழக்காகும்போதுதான் காசு எதன்மேல் நிற்கிறது என்பது வெளிப்படும். அத்தகைய ஒரு காலம் 1614க்கும் 1617க்கும் இடைப்பட்ட தமிழகத்தில் நிலவியது. அக்காலத்தில் புதிதாகக் காசடிக்கத் தொடங்கிய இடம், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே அமைந்த பழவேற்காடு ஆகும்.

அரசுரிமைப் போர்

தலைக்கோட்டைப் போருக்குப் (1565) பின் விசயநகரத்தின் ஆட்சி ஆரவீட்டு மரபினரிடம் சென்றது. அம்மரபின் வலிமைமிக்க அரசரான இரண்டாம் வெங்கடபதி தேவராயர் காலத்தில் தலைநகரம் பெனுகொண்டாவிலிருந்து தெற்கே நகர்ந்து சந்திரகிரியிலும் பின் வேலூரிலும் அமைந்தது. 1614 அக்டோபரில் அவர் இறந்தபோது, தம் உடன்பிறந்தார் மகன் சீரங்கனைத் தமக்குப்பின் அரசனாக்கியிருந்தார். கொப்பூரி ஜக்கராயன் தலைமையிலான பிரிவினர் இதனை ஏற்கவில்லை. அரசியொருவரின் மகன் எனச் சொல்லப்பட்ட சிறுவனை முன்னிறுத்தி அவர்கள் சீரங்கனைச் சிறைப்பிடித்து, அவனையும் அவன் குடும்பத்தாரையும் கொன்றனர். வெலுகோட்டி யாச்சம நாயக்கனின் முயற்சியாலும் சலவைத் தொழிலாளி ஒருவரின் துணையாலும் கோட்டைக்கு வெளியே கடத்தப்பட்டுத் தப்பிய மகன்தான் இராமதேவன்.

இந்நிகழ்ச்சிகளுக்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்று, மனுவேல் பாரதாஸ் என்னும் இயேசு சபைத் துறவி 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதிய மடலாகும். இராபர்ட் சீவல் 1900-இல் வெளியிட்ட விசயநகர வரலாற்று நூலின் வழியாக அது பரவலாக அறியப்பட்டது. ஹென்றி ஹீராஸ் 1927-இல் வெளியிட்ட ஆரவீட்டு மரபு பற்றிய நூல், இம்மடலைத் தெலுங்கு, வடமொழிச் சான்றுகளோடு இணைத்துப் பார்த்தது. தஞ்சை இரகுநாத நாயக்கர் இராமதேவனுக்குத் துணைநின்றார். மதுரை முத்துவீரப்ப நாயக்கரும் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கரும் ஜக்கராயன் பக்கம் நின்றனர். கல்லணைக்கு அருகிலுள்ள தோப்பூரில் 1616–17-இல் நடந்த பெரும்போரில் ஜக்கராயன் வீழ்ந்தான். பகை அதனோடு தீரவில்லை. அவன் தம்பி எதிராஜன் போரைத் தொடர்ந்தான்; பின்னாளில் இராமதேவன் எதிராஜனின் மகளை மணந்து உடன்பாடு கண்டபோது, தன்னைக் காத்த யாச்சமனின் மனக்கசப்புக்கு ஆளானான்.

இப்பூசலில் பழவேற்காடு ஓர் ஓரத்து ஊரன்று. கொப்பூரி, வெலுகோட்டி ஆகிய இரு குடும்பங்களும் விரும்பிய நிலப்பகுதி அது. உள்நாட்டில் நெல்லும் நிலவரியும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது துறைமுகத்தின் சுங்க வருவாய். குதிரைக்கும் வெடிமருந்துக்கும் வேண்டிய பொன் கடல்வழியே வந்தது.

ஏரிக்கரையில் ஒல்லாந்தர்

1602-இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்து ஐக்கிய கிழக்கிந்தியக் கும்பினி, மசூலிப்பட்டினத்தில் காலூன்றியபின் 1610-இல் வெங்கடபதி தேவராயரின் இசைவுடன் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. 1612-இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். அதன் விளைவாகவே 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. கெல்டர்லாந்து என்னும் ஒல்லாந்து மாநிலத்தின் பெயரே கோட்டைக்கு இடப்பட்டது. சோழமண்டலக் கரையில் கும்பினியின் தலைமையிடமாக 1690 வரை இக்கோட்டையே விளங்கியது.

காலவரிசையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கோட்டை முடிந்த மறு ஆண்டில் அரசர் இறக்கிறார். அதற்கடுத்த ஆண்டான 1615-இல், இந்தியாவில் ஒல்லாந்தரின் முதல் நாணயச்சாலை இக்கோட்டைக்குள் தொடங்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. இசைவளித்த அரசர் இல்லை. அவருடைய வாரிசு கொல்லப்பட்டாயிற்று. அடுத்தவர் இன்னும் முடிசூடவில்லை. இவ்விடைவெளியில்தான் செம்புக் காசு அடிபடத் தொடங்குகிறது. இதனைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது என்பது கட்டுரையாளரின் கருத்து. அரசு உறுதியாக இருந்திருப்பின் கும்பினி அரச அக்கசாலையின் காசையே நாடியிருக்கும். போர்க்காலத்தில் உள்நாட்டு அக்கசாலைகளிலிருந்து சில்லறை வருவது தடைப்படும். நெசவாளருக்கும் கூலியாளருக்கும் அன்றாடம் கொடுக்க வேண்டிய சில்லறையோ குறையாது.

நாணயம் அடிக்கும் உரிமை அக்காலத்தில் பேரரசனின் கையில் மட்டும் இருக்கவில்லை என்பதற்குப் பக்கத்துச் சென்னையே சான்று. 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் ஆங்கிலேயருக்கு அளித்த பட்டயத்தில், கோட்டை கட்டும் உரிமையோடு காசடிக்கும் உரிமையும் சேர்ந்தே இருந்தது. பேரரசனிடமிருந்து நாயக்கனுக்கும், நாயக்கனிடமிருந்து வணிகனுக்கும் அவ்வுரிமை இறங்கிவந்த வழியை இப்பட்டயம் காட்டுகிறது.

காசின் முகங்கள்

பழவேற்காட்டுச் செம்புக் காசின் ஒரு பக்கத்தில் கும்பினியின் சின்னம் உள்ளது. வி என்னும் உரோம எழுத்தின் இரு கைகளிலும் ஓ, சி என்னும் எழுத்துகள் பிணைந்த கூட்டெழுத்து அது. மறுபக்கத்தில் வடமொழி வாசகம் இடம்பெறுகிறது. அரச இலச்சினை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வணிகக் குழுவின் அடையாளம் நிற்கிறது. அதேவேளையில், விசயநகரக் காசுகளில் மக்கள் கண்டு பழகிய மொழிமரபு மறுபக்கத்தில் விடப்படாமல் இருக்கிறது. எழுத்தறியாதவர்க்கும் இக்காசு அயலானது போலவும் தோன்றாது, பழையது போலவும் தோன்றாது.

இதனைப் பிற்கால நாகப்பட்டினக் காசோடு ஒப்பிடலாம். 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினம் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1674-இல் பழவேற்காட்டு நாணயச்சாலையின் செயல்பாடு முடிவுற்று, நாகப்பட்டினத்தில் புதிய நாணயச்சாலை அமைந்தது. அங்கு அடிக்கப்பட்ட காசுகளில் ஊர்ப்பெயர் தமிழ் எழுத்திலேயே பொறிக்கப்பட்டது. பேரரசின் நிழல் முற்றும் விலகிய காலத்தில், வடமொழி வாசகம் போய் ஊரின் பெயர் வந்துவிடுகிறது. தரங்கம்பாடியின் நிலை வேறு. தோப்பூரில் வென்ற இரகுநாத நாயக்கரோடு 1620-இல் உடன்படிக்கை செய்து அங்குக் குடியேறிய தேனியர், பின்னர் அடித்த ஈயக் காசுகளில் தங்கள் அரசர் நான்காம் கிறிஸ்டியானின் முடியணிந்த பெயரெழுத்தைப் பொறித்தனர். தேனியருக்குக் காட்ட ஓர் அரசர் இருந்தார். ஒல்லாந்தர் குடியரசினர், அவர்களிடம் காட்ட இருந்தது வணிகச் சின்னமே.

தெய்வ உருவும் அரசன் பெயரும்

செம்புக்கு நேர்ந்தது இது. பொன்னுக்கு நேர்ந்தது வேறு. வெங்கடபதி தேவராயரின் வராகன்களில் திருமாலின் நின்ற கோலமும், வேங்கடேசுவரனுக்கு வணக்கம் கூறும் நாகரி வாசகமும் உள்ளன. வணக்கம் தெய்வத்துக்கு உரியது. அரசனும் அப்பெயரையே தாங்கியவன் என்பதால் இருபொருள் கொள்ள இடமுண்டெனினும், காசு பேசுவது திருமலைத் தெய்வத்தைப் பற்றித்தான்.

இதன் விளைவு எளிதன்று. அரசன் இறந்தாலும் இவ்வச்சு பொய்யாவதில்லை. இரு தரப்பாரும் அதே தெய்வத்தை வணங்குபவர். இருவரில் எவர் அதே அச்சில் பொன் அடித்தாலும் காசின் முகத்தில் வேறுபாடு தெரியாது. ஆகவே, ‘வெங்கடபதி வராகன்’ எனக் காட்சிப்பெட்டியில் பெயரிடப்பட்ட ஒவ்வொன்றும் 1614க்கு முற்பட்டதே என்று கொள்ளுதல் பொருந்தாது. அரசன் பெயரைத் தாங்கிய காசுக்கு அவ்வரசனின் ஆட்சியாண்டுகள் எல்லையாகும். தெய்வத்தைத் தாங்கிய காசுக்கு அவ்வெல்லை இல்லை. ஆங்கிலேயர் சென்னையில் திருமாலையும் இரு தேவியரையும் பொறித்து ‘மூன்று சாமி’ வராகன் அடித்ததும், பழவேற்காட்டில் ஒல்லாந்தரே பிற்காலத்தில் தெய்வ உருவோடு பொன் அடித்ததும் இம்மரபின் நீட்சியே. பொன்னில் தம் சின்னத்தை முன்னிறுத்தாமல், செம்பில் மட்டும் முன்னிறுத்தியது ஏன் என்பது எண்ணத்தக்கது. பொன் உள்நாட்டில் வரியாகவும் சேமிப்பாகவும் நெடுந்தூரம் செல்வது. அங்குக் கும்பினியை அறிந்தவர் இல்லை. செம்பு கோட்டையைச் சுற்றியே சுழல்வது.

உள்நாட்டுப் போரில் காசின் முகம் போரைக் காட்டாமல் போவது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. 1642-இல் இங்கிலாந்தில் அரசர் முதலாம் சார்லசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது, அரசர் சுரூசுபரி, ஆக்சுபோர்டு, பிரிஸ்டல் முதலிய இடங்களில் மாகாண நாணயச்சாலைகளை அமைத்தார். இலண்டன் கோபுரக் கோட்டையின் நாணயச்சாலை நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. ஆயினும், நாடாளுமன்றம் தான் எதிர்த்துப் போரிட்ட அரசரின் உருவத்தையும் பெயரையுமே பொறித்துக் காசடித்தது. வேறு பெயரில் அடித்தால் சந்தை வாங்காது என்பதே காரணம். ஆக்சுபோர்டில் அரசர் தரப்புக் காசிலோ, சமயம், நாட்டுச் சட்டம், நாடாளுமன்ற உரிமை ஆகியவற்றைக் காப்பதாக ஓர் அறிக்கையே பொறிக்கப்பட்டது. அங்கு இரு தரப்பும் ஒரே அரசனின் பெயரைப் பற்றிக்கொண்டன. இங்கு அரசன் பெயரையே சாராத இரண்டு அடையாளங்கள் – பொன்னில் தெய்வம், செம்பில் வணிகச் சின்னம் – வெற்றிடத்தை நிரப்பின.

வட்டமும் வண்ணக்கனும்

காசு செல்லும் செல்லாது என்பதைத் தீர்மானித்தவர் அரசர் மட்டும் அல்லர் என்பது தமிழ்ச் சொல்மரபு அறிந்த செய்தியே. காசின் மாற்றறியும் தொழிலுடையோரை ‘வண்ணக்கன்’ என்றழைத்த வழக்கு, வடம வண்ணக்கன் பேரிசாத்தன் முதலிய சங்கப் புலவர் பெயர்களிலேயே காணப்படுகிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் பயிலும் ‘அன்றாடு நற்காசு’ என்னும் தொடர் இன்னும் கூர்மையானது. அன்றன்று வழக்கில் உள்ள நல்ல காசு என்பது பொருள். இத்தொடர் காசுக்கு அரசன் பெயரைத் தரவில்லை. சந்தையில் அன்று செல்லும் நிலையையே தருகிறது. ஓர் ஊர்க் காசை மற்றோர் ஊரில் மாற்றும்போது கழிக்கப்பட்ட தொகை ‘வட்டம்’ எனப்பட்டது. பின்னாளில் ‘சராபு’ எனப்பட்ட நாணயமாற்றுநர் இவ்வட்டத்தாலேயே வாழ்ந்தனர். ‘செல்லாக்காசு’ என்று ஒருவரை இகழும் வழக்கிற்குப் பின்னால், காசு திரும்பி வந்த எத்தனையோ கைகளின் பட்டறிவு உள்ளது.

காசின் மதிப்பு எவ்வளவு சிறிது என்பதையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும். பிற்காலச் சென்னைக் கும்பினிக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அஃதாவது, ஒரு வராகனுக்கு 3,360 காசு. வராகனைக் கையில் தொட்டே பார்க்காதவர்களின் நாணயம் காசு. ஏரியில் வலையிட்டவர், கருவாடு சுமந்தவர், உப்பு வாரியவர், கோட்டைச் சுவருக்குக் கல் சுமந்தவர் ஆகியோரின் கைகளில் புழங்கத்தக்கது இதுவே.

அவர்கள் இப்புதிய காசை ஏன் வாங்கினர்? கட்டுரையாளரின் விடை இது. கும்பினி காசைக் கொடுத்தது மட்டுமன்றித் திரும்ப வாங்கவும் செய்தது. பழவேற்காட்டுத் துணி கிழக்குத் தீவுகளின் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றுப்பொருளாயிற்று. மலாய் மொழியில் கட்டங்களிட்ட கைலியைக் குறிக்கும் ‘பெலகாட்’ என்னும் சொல் இவ்வூர்ப் பெயரின் திரிபே. நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்தும், பொருள் விற்றுக் காசை மீட்டும் நடந்த சுழற்சியில் கோட்டை வாயில் ஒரு நிலையான இடமாக இருந்தது. ஜக்கராயன் வென்றாலும் யாச்சமன் வென்றாலும் அவ்வாயில் மறுநாளும் திறந்திருக்கும் என்னும் எதிர்பார்ப்பே காசின் பிணையாயிற்று.

இதனைக் கும்பினியின் புகழாகக் கொள்ளலாகாது. இதே கோட்டை வாயில் வழியாகத்தான் பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த மக்கள் 1620-களில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டுப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். கும்பினியின் சோழமண்டல வணிகத்தை ஆராய்ந்த தபன் ராய்சவுத்ரி, சி. அரசரத்தினம் ஆகியோரின் எழுத்துகளில் இவ்வடிமை வணிகம் பதிவாகியுள்ளது. நாணயவியலார் காசின் அச்சழகைப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை. ‘நம்பகமான காசு’ என்று நாம் எழுதும்போது, அந்நம்பகத்தைக் கொண்டு வாங்கப்பட்டவை துணியும் மிளகும் மட்டும் அல்ல என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

துட்டு என்னும் சொல்

‘துட்டு’ என்பது ஒல்லாந்து மொழியின் ‘டொய்ட்’ என்னும் சிறுகாசுப் பெயரிலிருந்து தமிழுக்கு வந்தது என்பது பலரும் ஏற்ற கருத்து. சிங்களத்தில் ‘துட்டு’ என்று வழங்குவதும் அம்மூலத்ததே. இதனைக் கொண்டு, பழவேற்காட்டு நாணயச்சாலையே இச்சொல்லைத் தந்தது என்று கூறிவிடத் தோன்றும். அது பொருந்தாது. பழவேற்காட்டில் அடிக்கப்பட்டது ‘காசு’. ஒல்லாந்தரே அதனைக் ‘காஸ்’ என்றுதான் குறித்தனர். கும்பினிச் சின்னம் பொறித்த டொய்ட் ஆசியாவுக்கெனப் பெருமளவில் அடிக்கப்பட்டது 1726 முதல்தான். அதுவும் ஒல்லாந்து, சீலாந்து, உட்ரெக்ட், கெல்டர்லாந்து முதலிய மாநில நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்தது. ஆகவே, தமிழில் ‘துட்டு’ வேரூன்றியது 18ஆம் நூற்றாண்டில், நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் வழியாக என்று கொள்வதே தகும். 17ஆம் நூற்றாண்டில் நடந்தது இதற்கு எதிர்த்திசையானது: தமிழின் ‘காசு’ ஐரோப்பியர் கணக்கேடுகளில் ஏறியது. அச்சின் முகத்தில் அயலார் சின்னம் இருந்தபோதும் பெயரைத் தந்தது உள்ளூர்ச் சந்தையே.

குப்பங்களும் கள ஆய்வும்

ஆங்கிலேயர் 1795-இல் கோட்டையைக் கைப்பற்றி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைத் தகர்த்தனர். 1825-இல் ஊர் முழுமையாக அவர்கள் வசமாயிற்று. இன்று அங்கு எஞ்சியிருப்பது முட்புதர் மூடிய மேடும் அகழியும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்திற்கு வருவோர், கல்லில் செதுக்கிய எலும்புருவங்களைக் கண்டு செல்கின்றனர். மேட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ‘கோட்டைக்குப்பம்’ என்னும் மீனவர் ஊர்ப்பெயரில்தான் கோட்டை உயிரோடு இருக்கிறது.

நாணயங்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. உப்பு மண்ணில் கிடந்த செம்பு பச்சைபூத்து அரிக்கப்படுகிறது. அரிப்பிலிருந்து தப்பியவை, கிடைத்த இடம் குறிக்கப்படாமல் விலைபோகின்றன. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதைபொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். குப்பத்தில் அச்சட்டம் அச்சத்தையே விளைவிக்கிறது. கிடைத்ததைச் சொன்னால் பறிபோகும் என்று எண்ணுவோர் மறைக்கவே செய்வர். இக்கட்டுரை எழுப்பிய வினாவிற்கு இதனால் நேரும் இழப்பு பெரிது. செம்புக் காசு கோட்டையைச் சுற்றியே சுழன்றது என்னும் கருத்தை உறுதிசெய்யவோ மறுக்கவோ வல்லது, காசு கிடைத்த இடங்களின் வரைபடம் ஒன்றே. கும்பினிச் சின்னம் பொறித்த காசு ஏரியின் வடகரைத் தெலுங்கு ஊர்களிலும், ஆரணியாற்றின் மேற்பகுதி நெசவாளர் ஊர்களிலும் மிகுதியாகக் கிடைக்குமாயின், கோட்டை வாயிலின் பிணை பற்றி மேலே கூறியதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

தமிழ்த்துறை ஆய்வாளர்கள் இதற்கெனத் தொல்லியல் பயிற்சி பெறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊர்ப்பெயர் ஆய்வுக்கும் மீன்தொழில் கலைச்சொல் தொகுப்புக்கும் குப்பங்களுக்குச் செல்வோர், காசு கிடைத்த கதைகளையும் கேட்டுப் பதிவு செய்யலாம். காசைக் கேட்க வேண்டியதில்லை. கிடைத்த இடத்தைக் கேட்டால் போதும். கொடுப்பவர் காட்ட இசைந்தால், இரு முகங்களையும் அளவுகோலோடு படமெடுத்து எடையைக் குறித்துக்கொள்ளலாம். புளியிட்டுத் துலக்கித் தருவதாக அவர் சொன்னால் அன்புடன் தடுத்துவிட வேண்டும். துலக்கும்போது பச்சையோடு எழுத்தின் விளிம்பும் கரைந்துவிடுகிறது, எடையும் குறைந்துவிடுகிறது.